யார் யார் வந்தது

பிஸ்கட் டின் ஒன்றில் 11 நோட்டுகள் வைத்திருக்கிறேன். சட்டைப் பையில் அடங்கும் 555 நோட்டு. இங்கே, மலேசியாவில், பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டுக்கடையில் கடன் எழுதியது, கூட்டுப் பணம் எழுதியது, நாலு நம்பர் எழுதியது எல்லாம் அதில்தான். என்னுடைய நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே தேதி, இடம். கீழே என் கோணல் எழுத்தில் 'யார் யார் வந்தது' என்று ஒரு வரி. பிறகு பட்டியல். கடைசியில் வாங்கிய காசு, லோரி வாடகை, பங்கு, பாக்கி.

1983 முதல் 2004 வரை பாகான் டாலாமில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது என்பதற்கு இதைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஒலிநாடாக்கள் இருந்தன. 2017 நவம்பர் வெள்ளத்தில் அவை போயின. டின் அலமாரிக்கு மேலே இருந்ததால் தப்பித்தது.

எழுதச் சொன்னவர் ஹார்மோனியம் ஐயா. அப்போது எனக்கு 14 வயது. வாசிக்கத் தெரிந்தது ஒன்றுமில்லை. ஒயர் சுருட்டுவேன், மைக் ஸ்டாண்டு தூக்குவேன், போகவர லோரியில் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் உருளாமல் காலால் அணைத்துக்கொள்வேன். "எழுதத் தெரியுமில்ல? வந்தவன் யாருன்னு எழுது. காசு பிரிக்கறப்ப வராதவனும் வந்தேன்னு நிப்பான்" என்று நோட்டை என் கையில் கொடுத்தார். குழுவில் என் முதல் வாத்தியம் பால்பாயிண்ட் பேனா.

யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஹார்மோனியம், டோலக், லீட், பேஸ், குழல். நோட்டிலும் அப்படியே இருக்கிறது. பல பேருடைய முழுப் பெயரை அவர்கள் கல்யாணப் பத்திரிகையில்தான் முதலில் பார்த்தேன். இரண்டு பேருடையதை இறப்பு அறிவிப்பில். அதனால் இங்கேயும் அப்படியே விட்டுவிடுகிறேன். குழுவின் பெயரையும் எழுதப்போவதில்லை. மூன்று முறை மாற்றினோம். எது உண்மையான பெயர் என்பதில் இன்றுவரை இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

பாகான் என்றால் படகுத்துறை. பட்டர்வொர்த்தைச் சுற்றிப் பல பாகான்கள் உண்டு: பாகான் லுவார், பாகான் ஆஜாம், பாகான் ஜெர்மால். எங்களுடையது டாலாம், அதாவது உள்ளே. ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், ஒரு பக்கம் துறைமுகம், தெற்கே பிறை ஆறு. ஃபெரிகளைப் பழுது பார்க்கும் கப்பல் பட்டறையும் எங்கள் ஊரில்தான். எங்கள் அப்பாக்கள் ரயில், துறைமுகம், பட்டறை என்ற மூன்றில் ஒன்றில் வேலை செய்தார்கள். அண்ணன்மார் ஆற்றைத் தாண்டிப் பிறைக்குப் போனார்கள், இரும்பாலைக்கும் சீனி ஆலைக்கும். அக்காமார் பினாங்குத் தீவுப் பக்கம் பாயான் லெப்பாஸுக்கு, ஆலை பஸ்ஸில். எங்கள் குழுவில் இந்த வாரம் யார் வாசிப்பார், யார் வாசிக்கமாட்டார் என்பதை அந்த ஆலைகளின் ஷிப்ட் அட்டவணைதான் முடிவு செய்தது. லீட் கிட்டார் காலை ஷிப்ட் என்றால் இரவுக் கச்சேரி முழுசாக இருக்கும். மத்தியான ஷிப்ட் என்றால் முதல் ஒரு மணி நேரம் பக்திப் பாட்டாகவே ஓட்டுவோம். கிட்டார் தேவைப்படாத பாட்டுகள். பதினொன்றரைக்கு அவர் ஆலைச் சட்டையோடு மேடையேறியதும் சினிமாப் பாட்டு தொடங்கும். கூட்டத்துக்கு இது பழகிவிட்டது. அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே பின்வரிசையில் விசில் பறக்கும்.

முதல் நோட்டின் முதல் பக்கம் மாரியம்மன் கோயில் திருவிழா. ஹார்மோனியம், டோலக், அக்கார்டியன், லீட், பேஸ், டிரம்ஸ், குழல், பாடகர் இரண்டு பேர், அக்கா. மொத்தம் 10. வாங்கியது 200 வெள்ளி. லோரி 30. எனக்கு 2. ஆளுக்கு 16 வெள்ளி 80 காசு.

இந்த 10 பேரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள் இல்லை. ஐயாவும் டோலக்கும் வெள்ளிக்கிழமை பஜனையில் இருந்து வந்தவர்கள். அக்கார்டியன் ரயில்வேயில் ஐயாவோடு வேலை பார்த்தவர். பழைய பாட்டு, எம்.எஸ்.வி. பாட்டு என்றால் அவருக்கு உயிர், 'அன்னக்கிளி'க்குப் பிறகு வந்த எதுவும் பாட்டே இல்லை என்பார். டிரம்ஸ் வந்த கதை வேறு. பட்டர்வொர்த் விமானத் தளத்தில் 1950களில் இருந்து ஆஸ்திரேலிய விமானப்படை இருந்தது. வெள்ளைக்காரக் குடும்பங்களின் வீட்டில் எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் வேலை செய்தார்கள். டிரம்ஸ்காரரின் அம்மாவும் அப்படித்தான். அவர் வேலை செய்த வீட்டுக்காரர் ஊர் திரும்பும்போது மகனுக்கு என்று ஒரு டிரம்ஸ் செட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். சிம்பலில் ஒரு விரிசல். மிதிப்பலகைக்கு ஸ்பிரிங் இல்லை, சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியிருந்தோம். 1988-ல் தளம் முழுக்க மலேசிய விமானப்படையின் கைக்கு வந்தது. அதற்குள் அந்த டிரம்ஸ் மூன்று கை மாறிவிட்டது.

அந்த முதல் டிரம்ஸ்காரருக்கு அல்லிகேட்ஸ் பைத்தியம். பினாங்கில் இருந்து கிளம்பிய குழு அது. லோகநாதன், டேவிட் ஆறுமுகம் என்று அண்ணன் தம்பி இருவர். 1970களில் ஹாங்காங் மேடைகளில் வாசித்துவிட்டு வந்து, மலாய்ப் பாட்டால் நாட்டையே பிடித்தார்கள். இரண்டு தமிழ்ப் பையன்களின் பாட்டு மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணத்தில் ஒலிக்காத நாள் கிடையாது என்று ஆனது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இப்போது விளக்குவது கஷ்டம். இருவர் தலையிலும் பெரிய சுருட்டை முடிக் கூடு. எங்கள் ஆளும் அதே மாதிரி வளர்த்தார். இரும்பாலையில் தலைக்கவசம் தலையில் இறங்கவில்லை. வெட்டு, இல்லை வேலையை விடு என்றார்கள். ஒரு வாரம் யோசித்துவிட்டு வெட்டினார். முடி போனதும் வாசிப்பும் கொஞ்சம் போனது போல எனக்குத் தோன்றியது. நான் சின்னப் பையன், தப்பாகக்கூட இருக்கலாம்.

எங்கள் குழுவுக்குப் பரீட்சைப் பாட்டு ஒன்று இருந்தது. 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் எஸ்.பி.பி. பாடிய நிலாப் பாட்டு. கிட்டாரோடு ஆரம்பிக்குமே, அது. புதிதாக யார் சேர வந்தாலும் ஐயா முதலில் அதைத்தான் கேட்பார். லீட் அதை 20 நாள் உட்கார்ந்து கேசட்டை ஓட்டி ஓட்டிப் பிடித்தார். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து காலையில் வாசித்ததால் பக்கத்து வீட்டுச் சீன மாது மலாயில் திட்டியபடியே இருந்தார். கடைசியில் சரியாக வந்த நாளில் அவரே சன்னலைத் திறந்து கட்டைவிரலைக் காட்டினாராம்.

அந்தப் பாட்டை நாங்கள் 20 வருஷம் வாசித்தோம். ஒரே பாட்டு, ஆனால் ஒரு முறைகூட முழுசாக ஒரே மாதிரி வந்ததில்லை. யார் இல்லையோ அவர் இடம் ஓட்டையாக இருக்கும். ஆள் போனால் அந்த வாத்தியத்துக்கு வேறு ஆள் தேடிப் பிடிக்கும் வசதி எங்களுக்கு இல்லை. பாட்டைத்தான் அதற்கேற்ப வெட்டிக்கொள்வோம். அக்கார்டியன்காரர் பணி ஓய்வு பெற்று மகன் வீட்டோடு ஈப்போவுக்குப் போன பிறகு, பின்னணியில் நிற்கும் அந்த நீண்ட இழை போய்விட்டது. பாட்டு ஒல்லியானது. டோலக் இல்லாத நாளில் டிரம்ஸ் தனியாகக் கட்டைபோல நடந்தது. ஒலிநாடாக்கள் மட்டும் இருந்திருந்தால், எந்தப் பதிவு எந்த வருஷத்தியது என்று ஓட்டையை வைத்தே சொல்லியிருப்பேன்.

குழல் இல்லாத ஓட்டைதான் பெரியது.

குழல்காரர் தீவுக்காரர். டத்தோ கிராமாட் பக்கம் வீடு. ஞாயிறு மாலை ஐந்து மணிப் பயிற்சிக்கு ஃபெரியில் வருவார். கீழ்த்தட்டில் கார்கள், மேல்தட்டில் ஆட்கள், அந்தக் காற்றில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்துக்கொண்டே வருவேன் என்பார். அன்றைய ஃபெரியில் பட்டர்வொர்த்தில் இருந்து தீவுக்குப் போகத்தான் காசு, திரும்பி வருவது சும்மா. எங்களுக்கு இது வசதியாக வாய்த்தது. தீவில் கல்யாணக் கச்சேரி முடிந்து, பெண் வீட்டார் பாக்கியைப் பிறகு தருகிறோம் என்று சொல்லிவிட்டாலும், லோரியோடு வீடு வந்து சேர்ந்துவிடலாம். 1985-ல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலத்திலும் ஒரு பக்கம்தான் டோல், அதுவும் தீவுக்குப் போகும் பக்கம். பினாங்கில் வாசிக்கப் போகிறவன் வரும்போது பிச்சைக்காரனாக வருவான் என்று தெரிந்துதான் கட்டியிருக்கிறார்கள் என்பார் ஐயா.

1988 ஜூலை 31 ஒரு ஞாயிறு. நாலேகால் மணிக்குப் பட்டர்வொர்த் ஃபெரி முனையம் இடிந்து விழுந்தது. கூட்டம் தாங்காமல் மேல்தளம் சரிந்தது. 32 பேர் இறந்தார்கள். 1,600க்கும் மேல் காயம். எங்கள் பயிற்சி வீட்டில் இருந்து சைரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டிரம்ஸும் லீடும் ஓடினார்கள். ஐயா என்னைப் போகவிடவில்லை. குழல் எட்டு மணிக்கு நடந்து வந்தார். முனையத்தை விட்டு வெளியே வந்து சில நிமிடம்தான் ஆகியிருந்ததாம். அதன்பிறகு மூன்று மணி நேரம் அங்கேயே ஆட்களைத் தூக்கிவிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். தலைமுடி, புருவம் எல்லாம் சிமென்டுத் தூசி. குழல் பை தோளில் தொங்கியது. யாரோ காப்பி கொடுத்தார்கள். குடிக்கவில்லை. லோரியில் பாலம் வழியாக வீட்டில் விட்டுவிட்டு வந்தோம்.

அடுத்த பக்கத்தில் 'குழல் வரவில்லை' என்று எழுதியிருக்கிறேன். அதற்கடுத்த பக்கத்திலும். அப்படி ஆறு பக்கம். ஏழாவது பக்கத்தில் அந்த வரியே இல்லை. வரவில்லை என்று எழுதுவதை எந்த முடிவோடு நிறுத்தினேன், நினைவில்லை. யாரும் எங்கள் குழுவை விட்டு விலகுகிறேன் என்று சொல்லி விலகியதில்லை. முதலில் வரவில்லை ஆவார்கள், பிறகு நோட்டில் இல்லாமல் போவார்கள்.

நிலாப் பாட்டில் குழல் வரும் இடத்தைப் பாடகர் விசிலில் நிரப்பப் பார்த்தார். மைக்கில் காற்றுதான் வந்தது. பிறகு அந்த இடத்தைத் தாண்டிவிடலாம் என்று முடிவு செய்தோம். செய்யவிடவில்லை. மாக் மண்டினில் ஒரு கல்யாணத்தில் நாங்கள் அந்த இடத்துக்கு வந்து தயங்கியபோது, முன்வரிசையில் இருந்த நாலைந்து பேர் வாயாலேயே அந்தக் குழல் துண்டைப் பாடினார்கள். கூட்டமும் சேர்ந்துகொண்டது. அன்றிலிருந்து அந்த இடத்தில் வாத்தியம் எல்லாம் நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். எங்கள் ஊர்க்காரர்கள் சுருதி சேராமல் அதைப் பாடுவார்கள்.

பெண் குரல் தனிக் கதை. ஆண்கள் பாட 10 பேர் வரிசையில் நின்றார்கள், எஸ்.பி.பி. மாதிரி பாடாதவன் பாகான் டாலாமில் இல்லை என்று நினைப்பு. பெண் பாட வருவது என்றால் வீட்டில் பேச வேண்டும், கோயில் தலைவர் சொல்ல வேண்டும், யார் வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று ஏற்பாடு வேண்டும். எங்களுக்கு அதிர்ஷ்டம், ஒரே வீட்டில் மூன்று சகோதரிகள். மூத்த அக்கா 1986-ல் கல்யாணமாகிச் சுங்கைப்பட்டாணி போனார். இரண்டாவது அக்கா மேடையேறினார். அவருக்குப் பாயான் லெப்பாஸில் ராத்திரி ஷிப்ட் வந்தது. மூன்றாவது பெண் வந்தாள். என் வயதுதான். மூவரில் அவளுக்குத்தான் நல்ல குரல். மேடையில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள். 1995-ல் அவளுக்கும் கல்யாணம். அத்தோடு பெண் குரல் நின்றது.

மூன்று பேருக்கும் துணையாக அவர்கள் அம்மா வருவார். மேடையின் இடது பக்கம், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மடியில் கைப்பை, காலடியில் ஃபிளாஸ்க், குடை. வெந்நீர், மிளகு, பனங்கற்கண்டு. ஒரு கண் மகள் மேல், ஒரு கண் எங்கள் மேல். முன்வரிசையில் யாராவது குடித்துவிட்டுக் கலாட்டா பண்ணினால் அவர்தான் முதலில் எழுந்திருப்பார். பாட்டு எதில் பிசகியது என்பதும் அவருக்குத்தான் முதலில் தெரியும். "தம்பி, ரெண்டாவது சரணத்துல எங்க போயிட்டே?" என்று என்னை இறங்கும்போது பிடிப்பார். நோட்டில் அவரை நான் ஒரு முறைகூட எழுதவில்லை. பங்கும் கொடுத்ததில்லை. சாப்பாட்டுப் பொட்டலம் எண்ணும்போது மட்டும் ஒன்று கூடுதலாக எண்ணுவோம். இப்போது பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால், ஐயாவுக்கு அடுத்து எங்கள் குழுவில் விடாமல் வந்தவர் அவர்தான்.

எனக்கு பேஸ் எப்படி வந்தது என்று சொல்லவில்லை. 1987-ல் பேஸ் வாசித்தவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்குப் போனார். "இத நீ வச்சிரு, பொங்கலுக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்றார். எந்தப் பொங்கல் என்று சொல்லவில்லை. நாலு கம்பிதானே, ஒயர் சுருட்டுகிறவனே வாசிக்கட்டும் என்று ஐயா என் கழுத்தில் மாட்டிவிட்டார். லீட் எந்த விரல் எங்கே என்று காட்டிக் கொடுத்தார். நிலாப் பாட்டில் பேஸுக்கும் நல்ல வேலை உண்டு. எனக்கு ஒரு குறை, முந்துவேன். பதற்றம். ஐயா ஹார்மோனியத்தின் மேல் பலகையில் மோதிர விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். அது எனக்கு மட்டும் கேட்கும். "முந்தாதடா. அவன் வரட்டும், நீ பின்னாலேயே போ." எட்டு வருஷம் அந்தத் தட்டைக் கேட்டேன்.

ஐயாவுக்குப் பிடித்த சென்னைக் கதை ஒன்றும் உண்டு. யார் காணாமல் போனாலும் அதைச் சொல்வார். சினிமாவில் நிலைபெறும் முன்பு எஸ்.பி.பி. ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். அதில் ஹார்மோனியம் அனிருத்தா, கிட்டார் இளையராஜா, தாளம் பாஸ்கர், இன்னொரு கிட்டார் கங்கை அமரன். பிறகு இளையராஜா ஹார்மோனியத்துக்கு மாறினார். "அந்தக் குழுவே கலைஞ்சு போச்சு, நம்ம குழு கலைஞ்சா என்னாடா?" என்பார். அந்த ஆட்கள் கலைந்து எங்கே போனார்கள், எங்கள் ஆட்கள் கலைந்து எங்கே போனார்கள் என்று டோலக் ஒரு முறை கேட்டார். ஐயா பதில் சொல்லவில்லை. அதற்கப்புறமும் கதையை விடவில்லை.

1992-ல் 'ரோஜா' வந்தது. ரஹ்மான் பாட்டை எங்கள் வாத்தியங்களால் தொடக்கூட முடியவில்லை. சத்தமே வேறு. கூட்டம் அதைக் கேட்டது. 1994-ல் 17 வயதுப் பையன் ஒருவன் யமஹா கீபோர்டோடு வந்தான். மரியாதையான பையன். இடது கையால் ஒரு கார்டைப் பிடித்தால் தாளமும் பேஸும் தானே ஓடும். முதலில் டோலக் போனார், கோபத்தோடு. அவர் ஒருவர்தான் கோபித்துக்கொண்டு போனவர். பிறகு டிரம்ஸ், அப்போது மூன்றாவது டிரம்ஸ்காரர். ஒரு நாள் பயிற்சி முடிந்து ஒயர் சுருட்டும்போது பையன் என் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணே, பேஸு இதுலயே வருதுண்ணே." திமிராகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருந்தது, சொன்னான். கேட்டுப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. முந்தவும் இல்லை. 1995 மார்ச்சுப் பக்கத்தில் 'பேஸ் தேவையில்லை' என்று இருக்கிறது. என் எழுத்துதான். அதன்பிறகு மிக்சர் பார்த்துக்கொண்டேன், அதாவது மறுபடி ஒயர்.

ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும். பத்துப் பேர் இருந்தபோது ஆளுக்கு 16 வெள்ளி 80 காசு. 2001-ல் ஐயா, கீபோர்டு, பாடகர், நான் என்று நாலு பேர். ஒரு கல்யாணத்துக்கு 600 வெள்ளி. காசு வந்தது. லோரிகூடத் தேவைப்படவில்லை, ஒரு புரோட்டான் சாகா போதும். ஐயாவின் ஹார்மோனியம் கீபோர்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. அதற்கு மைக் வைத்திருந்தேன், ஆனால் மிக்சரில் ஏற்றினால் கூட்டம் என்ன சத்தம் என்று பார்க்கும். ஏற்றாமல் விட்டால் அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். தெரியும். ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

கரோக்கி வந்து மிச்சத்தையும் முடித்தது. மண்டபத்திலேயே பெட்டியும் திரையும் இருந்தன, மாப்பிள்ளையின் மாமாவே பாடினார். 11ஆவது நோட்டில் கடைசிப் பக்கம் 2004, கோயில் திருவிழா. ஹார்மோனியம், கீபோர்டு, பாடகர். வாங்கியது என்ற இடத்தில் 'சாப்பாடு' என்று இருக்கிறது.

ஊரில் பையன்கள் சும்மா இருக்கவில்லை. உருமி மேளத்துக்குப் போனார்கள். சிலர் சொல்லிசைக்கு. 2006-ல் யோகி பி-யும் நட்சத்ராவும் 'வல்லவன்' கொண்டுவந்த வருஷம் அடுக்குமாடிப் படிக்கட்டில் எல்லாம் ஒரே ராப். உருமி எனக்கு ஒட்டவில்லை. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த முனகலைக் கேட்டால் வயிற்றைப் பிசையும். சுருதி எங்கே, மெட்டு எங்கே என்று பேசிக்கொண்டு திரிந்தேன். ஒரு தைப்பூசத்துக்கு முந்திய வாரம், அடுக்குமாடிக் கார் நிறுத்தும் இடத்தில் பயிற்சி. முதல் டிரம்ஸ்காரரின் மகன்தான் தலைவன். ஒரே நிறச் சட்டையில் இருபது பேருக்கு மேல். தண்ணீர்மலையில் எந்தக் காவடிக்கு யார் என்று பிரித்துக்கொண்டு இருந்தான். கைப்பேசியைப் பார்த்துக் கத்தினான்: "நாளைக்கு யாருக்கு நைட்டு ஷிப்ட்? இப்பவே சொல்லுங்க லா, கடைசி நேரத்துல வராம போகாதீங்க." நாலு கை உயர்ந்தது. அதற்கப்புறம் உருமியைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. இன்னும் வயிற்றைப் பிசையத்தான் செய்கிறது.

ஐயா 2011-ல் போனார். வீட்டு வாசலில் பந்தல். மூன்று டிரம்ஸ்காரர்களும் வந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் உட்கார்ந்திருக்கிறார், அதே டிரம்ஸ், அதே சைக்கிள் டியூப். அறிமுகம் செய்து வைத்தேன். முதலாமவர் மூன்றாமவரிடம் கேட்டார், "அந்த விரிசல் சிம்பல ரெண்டாக்குனது நீயா?" மூன்றாமவர் இரண்டாமவரைக் காட்டினார்.

2020 செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. சென்னையில் எஸ்.பி.பி. காலமான செய்தி மாலையில் எங்களுக்கு வந்தது. கோவிட் காலம், கூட முடியாது. கீபோர்டுப் பையன், அப்போது அவனுக்கு 43 வயது, வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினான். எங்கெங்கோ நம்பர் தேடி ஆட்களைச் சேர்த்தான். நிலாப் பாட்டை அவரவர் இடத்தில் இருந்து வாசித்து அனுப்புங்கள், நான் கணினியில் ஒட்டிவிடுகிறேன் என்றான். லீட் அனுப்பினார். விரல் கொஞ்சம் தடுமாறியது, ஆனால் அதே கை. பாடகிச் சகோதரிகளில் மூன்றாமவள் கோலாலம்பூரில் இருந்து ஹம்மிங் மட்டும் அனுப்பினாள். அவள் அம்மா இடையில் "சத்தமா பாடு" என்று சொன்னதும் பதிவாகியிருந்தது. குழல்காரரின் மகள் நம்பர் கிடைத்தது. குழல்காரர் நாலு நாள் கழித்து 30 நொடி அனுப்பினார். பல் போனதால் காற்று நிற்கவில்லை என்று முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். கூட்டம் வாயால் நிரப்பிய இடத்துக்கு 32 வருஷம் கழித்து அவர் வந்து சேர்ந்திருந்தார்.

அன்று இரவு பையன் என்னைத் தனியாக அழைத்தான். "அண்ணே, பேஸு வெறுமையா வச்சிருக்கேன். நீங்க அனுப்பலையே?"

"உன் கீபோர்டுலயே வருமே" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அனுப்புங்கண்ணே" என்றான்.

கிட்டார் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. சிங்கப்பூர்க்காரர் எந்தப் பொங்கலுக்கும் வந்து வாங்கிக்கொள்ளவில்லை. நாலு கம்பியில் இரண்டு துருப்பிடித்திருந்தன, ஒன்று கை வைத்ததும் அறுந்தது. கடை திறந்திருந்த நாளாகப் பார்த்துப் புதுக் கம்பி வாங்கி வந்தேன். விரல் நுனி மெத்தென்று ஆகிவிட்டிருந்தது. இரண்டாவது சரணத்துக்குள் கொப்புளம். எட்டு முறை வாசித்து, எட்டாவதை அனுப்பினேன்.

அரை மணியில் பதில் வந்தது. "நல்லா இருக்குண்ணே. ஆனா முந்துறீங்க."